நாலு பத்துக்கு மணி அடித்த பிறகு

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் பட்டியல் போடும் எச்.ஆர். அதிகாரிகளுக்கும், சூப்பர்வைசர்களுக்கும், ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்களுக்கும்,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். மாலை ஏழு மணிக்கு மேல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக நிற்பீர்கள். கழுத்தில் அட்டை தொங்கும், கையில் போன் இருக்கும். அதே வண்டியில் பொன்னேரி வரை நானும் வருகிறேன். என்னை உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறையில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்கிற நாலு பெண்களில் ஒருத்தி. சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, அதில் பணம் சில மாதம் உண்டு.

எங்கள் அறையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் மூன்று கட்டம் போட்டு ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறோம். பிள்ளை உள்ளே வந்து பையை வைத்ததும், அம்மாவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்டோ அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுத வேண்டும். ஏ என்றால் காலை ஆறு முதல் மதியம் இரண்டு. அம்மா விடியுமுன்பே கிளம்பியிருப்பாள், ஆனால் பிள்ளை வரும்போது வீட்டில் இருப்பாள். அசந்து தூங்கினாலும் இருப்பாள். பி என்றால் இரண்டு முதல் பத்து. அந்த வாரம் முழுக்க அம்மாவைப் பிள்ளை விழித்த முகத்தோடு பார்ப்பது காலையில் ஒரு மணி நேரம்தான். சி என்றால் இரவு பத்துக்கு வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவாள், அல்லது பக்கத்து அறையில் சொல்லிவிட்டுப் போவாள்.

போன வருடம் ஒரு பையன் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே ‘ஓடி’ என்று எழுதிவைத்தான். ஓவர்டைம். அந்தக் கட்டத்தில் பெயர் எழுதும் பிள்ளைக்கு அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்று தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலின் மறுபக்கம்தான் இந்தக் கரும்பலகை.

அப்பா எங்கே என்று கேட்பீர்கள். பலருக்கு உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் பன்னிரண்டு மணி நேரம். சிலர் டாஸ்மாக் வழியாக வருகிறவர்கள். சிலர் வருவதே இல்லை. அப்பாவின் ஷிப்டை எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அது எங்கள் தப்பும்தான்.

காலைப் பக்கத்தை அரசாங்கம் கொஞ்சம் அடைத்துவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தால், ஏ ஷிப்டுக்காரி பிள்ளை எட்டு மணிக்கே உப்புமாவோ பொங்கலோ சாப்பிடப் பள்ளிக்குள் போய்விடுகிறது. சாப்பாட்டுக்காகக் கொண்டு வந்த திட்டம், காவலாகவும் ஆகிவிட்டது. மாலைப் பக்கம்தான் திறந்து கிடக்கிறது. நாலு பத்துக்கு மணி அடிக்கிறது. வாத்தியார் கேட்டைச் சாத்துகிறார். அங்கன்வாடியும் அதற்குள் பூட்டிவிடும். அதிலிருந்து அம்மா வரும் வரை உள்ள நேரம் யாருடையது?

அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரெண்டாம் வகுப்புப் பையன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சாவி கோத்திருக்கும். வியர்வையில் சாவி துருவேறி, சட்டையில் பழுப்பாகக் கறை பிடித்திருக்கும். நாலாம் வகுப்புப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். லைன் வீட்டில் பத்து அறைக்கு ஒரு பாத்ரூம், அதுவும் கோடியில். தாழ்ப்பாள் உடைந்திருக்கும், கதவுக்குப் பதில் ஒரு பிளக்ஸ் தொங்கும். ஷிப்ட் முடிந்து வந்த, ஷிப்டுக்குக் கிளம்புகிற, வேலை கிடைக்காமல் படுத்திருக்கிற ஆண்கள் எந்நேரமும் அந்த வராண்டாவில் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நம்பித்தான் ஒரு தாய் உங்கள் பஞ்ச் மிஷினில் விரல் வைக்கிறாள்.

2025 ஜூலையில் நம் வட்டாரத்தில் பள்ளி விட்டுத் தனியாக நடந்துவந்த ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்தொடர்ந்து வந்தவன் கேமராவில் பதிந்திருந்தான். பிடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் இங்கே ஒரு தாயும் தூங்கவில்லை. பிடிபட்டவன் வடமாநிலத்தவன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எல்லாக் கம்பத்திலும் கேமரா வேண்டும் என்றார்கள், வடக்கத்தி ஆட்களுக்கு வீடு கொடுக்காதே என்றார்கள். எங்கள் மையத்தில் இருக்கும் ஒடியா, பீகார் பிள்ளைகள் நாலைந்து நாள் வரவில்லை. அவர்கள் அம்மாக்களும் பயந்துபோயிருந்தார்கள். அதே பயம்தான், கூடவே இன்னொரு பயமும்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்ததைக் கேமரா பதிவு செய்யும். நடக்கும்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருந்தால் அவன் நடையை மாற்றிக்கொண்டு போயிருப்பான். அந்தப் பெரியவருக்குத்தான் இந்த ஊரில் பஞ்சம்.

முகம் தெரியாதவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2004இல் சென்னையில் தொடங்கிய ‘துளிர்’ அமைப்பு, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. 2006இல் அவர்கள் சென்னைப் பள்ளி மாணவர்கள் 2,211 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பையன்களில் 48, பெண்களில் 39. ஆமாம், பையன்கள்தான் அதிகம். ‘பொம்பளப் புள்ளைய மட்டும் பாத்துக்க, பையன் எப்படியோ சமாளிச்சுக்குவான்’ என்று நினைக்கும் எல்லோரும் இந்தக் கணக்கை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதையே சொன்னார்கள். செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். 2018இல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதக்கணக்கில் ஒரு சிறுமியைச் சிதைத்தவர்கள் யார்? லிஃப்ட் ஓட்டியவரும் காவலுக்கு இருந்தவர்களும் தண்ணீர் கொண்டுவந்தவர்களும்தான். 17 பேர் கைதாகி, 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே வீடுகளுக்குக் குறைச்சலில்லை, வாட்ச்மேனுக்கும் குறைச்சலில்லை. அந்தப் பிள்ளை அந்தந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி ஊர், வயது, மொழி எல்லாவற்றையும் மாற்றியே சொல்கிறேன். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஒரு பெண் பிள்ளை, ஆறரை மணி ஆனால் மற்றப் பிள்ளைகள் செருப்பைத் தேடும்போது அது மட்டும் துடைப்பத்தை எடுக்கும். பாயைச் சுருட்டும், கரும்பலகையைத் துடைக்கும், மறுபடி துடைக்கும். “எவ்ளோ பொறுப்பான புள்ள பாருங்க” என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். முப்பது வருட அனுபவம் என்று மேலே எழுதினேனே, அந்த அனுபவத்தோடு நானும் சேர்ந்துதான் மெச்சினேன். மூன்று வாரம் கழித்துத்தான் எங்களில் இளையவளாக இருந்தவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, “வீட்டுக்குப் போக உனக்கு ஏன்டா கண்ணு பிடிக்கல?” என்று கேட்டாள். ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவுக்காரர் ஒருவர் அந்த அறையிலேயே தங்கியிருந்தார். அம்மாவுக்குப் பி ஷிப்ட்.

குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிட்டோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தார்கள். ஒரு பெண் எஸ்.ஐ. சாதாரணப் புடவையில் வந்து, பிள்ளைக்குப் பழக்கமான இடத்திலேயே உட்கார்ந்து, அது சொன்னபடியே எழுதிக்கொண்டார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அலையவிடக் கூடாது, சீருடையில் போய் மிரட்டக் கூடாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய ஆரம்பிப்பது பிள்ளை வாய் திறந்த பிறகு. வாய் திறக்க, கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

அந்த அம்மாவைப் பற்றி லைன் வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? “இவ பெத்துப் போட்டுட்டு வேலைக்கு ஓடிட்டா.” அரசாங்கக் காகிதங்களில் இதற்கு ‘புறக்கணிப்பு’ என்று போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. புறக்கணிப்பு என்றால் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வது. சிறார் நீதிச் சட்டத்தில்கூட ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருக்கிறது, அப்படி நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை. பிள்ளையை அடித்துச் சூடு வைக்கிறவர்கள் இங்கேயும் உண்டு, அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எங்கள் அறைக்கு வரும் தாய்மார்கள் சொல்லும் வார்த்தை வேறு: “பாத்துக்க ஆள் இல்லக்கா.” இத்தனை வருடத்தில் நான் கேட்ட காரணங்களில் இதுதான் முக்கால்வாசி. ஊரில் பாட்டி இருந்தாள், சித்தி இருந்தாள், திண்ணையில் யாராவது கிழவர் இருந்தார். அந்தத் திண்ணையை விட்டு அவர்கள் இங்கே வந்தது உங்கள் வேலைக்கு.

இனி உங்களோடு நேராகப் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

குழந்தைகள் காப்பகம் என்பது கருணை இல்லை, கணக்கு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், பின்னால் வந்த திருத்தத்தின்படி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்கு 28லோ 29லோ நின்றுபோன ஆலைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். மீதிப் பெண்கள் காண்ட்ராக்டர் பெயரில் இருப்பார்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த 50 இருக்கிறது. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் பிரிக்கவில்லை. 28இல் நிற்கும் வித்தை இனிச் செல்லாது.

“ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா வைக்க முடியுமா மேடம்? இடம் எங்க இருக்கு, உலைக்குப் பக்கத்துலயா தொட்டில் கட்டறது?” என்று ஒரு எச்.ஆர். தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உருக்காலைப் புகைக்கு நடுவில் பிள்ளையை வைக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது. அதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நாலைந்து நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்து, பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் கூட்டாகச் சேரும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன, பிள்ளைக்குச் சேரக் கூடாதா?

இது புதிய யோசனையும் இல்லை. 1969இல் டெல்லி ராஜ்காட் பக்கம் காந்தி நூற்றாண்டுக்கான கட்டுமான வேலை நடந்தபோது, செங்கல் குவியலுக்கு நடுவே மண்ணில் கிடந்த சித்தாள்களின் குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். அதிலிருந்து வந்ததுதான் ‘மொபைல் கிரஷஸ்’. வேலை எங்கே நகர்கிறதோ அங்கே காப்பகமும் நகரும். 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2இல் வந்த ஐ.சி.டி.எஸ். திட்டத்துக்கு, அதாவது நான் முப்பது வருடம் சோறு தின்ற அங்கன்வாடிக்கு, அந்த அறிக்கையும் ஒரு வேர். ஆனால் வேலைக்குப் போகும் தாயின் நேரத்துக்கும் காப்பகத்தின் நேரத்துக்கும் பொருத்தம் வேண்டும். அங்கன்வாடியின் நேரம் பகல் நேரம். உங்கள் நேரம் ஏ, பி, சி.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. காப்பகம் ஆறு வயது வரைதான். ஆறு முடிந்த அன்றே பிள்ளை பெரியவனாகிவிடுகிறான் போல. கழுத்தில் சாவி கட்டியிருப்பவர்கள் எல்லாம் ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள். அவர்களுக்காக எந்தப் பிரிவும் இல்லை, எந்த இன்ஸ்பெக்டரும் கேட்கமாட்டார். ஆகவே இதைச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது, உங்களைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பொதுக் காப்பகம் ஒன்று வந்தால், அதே கட்டடத்தில் மாலை நாலு முதல் இரவு பத்தரை வரை பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு அறை விடுங்கள். ஒரு சமையல் ஆள், இரண்டு பார்த்துக்கொள்ளும் பெண்கள், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. போதும்.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பத்து நாளும் டிவியில் விவாதம் பார்த்தேன். முதலீடு பேசினார்கள், தொழிலாளர் உரிமை பேசினார்கள், எட்டு மணி நேரத்தின் வரலாறு பேசினார்கள். பன்னிரண்டு மணி நேரமும் பிள்ளை எங்கே இருக்கும் என்று நான் பார்த்த விவாதங்களில் ஒருவரும் கேட்கவில்லை. திருத்தம் போய்விட்டது. ‘ஓடி’ கட்டம் எங்கள் பலகையில் அப்படியே இருக்கிறது.

ஓவர்டைமை ஒழியுங்கள் என்று நான் சொன்னால் முதலில் என்னை அடிக்க வருவது அந்தத் தாய்மார்கள்தான். அந்தக் காசில்தான் வாடகை. நான் கேட்பது, சில மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லுங்கள் என்று. இன்றைக்கு இருக்க வேண்டும் என்பதை ஷிப்ட் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது சொன்னால், அவள் யாருக்குச் சொல்லி அனுப்புவாள்? போன் அவளிடம் இல்லை. கேட்டில் வாங்கி வைத்துவிடுகிறீர்கள்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பையன் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் வகுப்பு. தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது, “இதுக்கு முன்னாடி வந்திருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறான்?” அம்மாவுக்குத் தெரியும். அம்மா போன் ஒரு ஆலையின் கேட்டில், எண் போட்ட மரப்பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி நம்பரைத் தேடிப் போட்டால் மும்பையில் ஒரு பெண் இங்கிலீஷில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றாள். கடைசியில் எங்களில் ஒருத்தி நனைந்துகொண்டே சைக்கிளில் கேட்டுக்குப் போனாள். செக்யூரிட்டி நல்ல மனிதர். உள்ளே சொல்லி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை, சூப்பர்வைசர் ரவுண்டில் இருந்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து அந்தத் தாய், கைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். பையன் பிழைத்துக்கொண்டான். அந்த ஆலையின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஒரு ஆலை மட்டும்தான் இப்படி என்று நினைப்பீர்கள்.

புகார் சொல்லும் கடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வெளியில தெரிஞ்சா கம்பெனி பேர் கெட்டுடும், பேசி முடிச்சுடலாம்’ என்று உங்கள் ஆட்கள் விஷயத்தில் யாராவது சொல்ல வந்தால், போக்சோவின் 21ஆம் பிரிவை எடுத்துப் படித்துக்காட்டுங்கள். தெரிந்தும் சொல்லாதவர் எவருக்கும் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நிறுவனம் என்று சொல்லும்போது பள்ளிக்கூடம், விடுதி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், கம்பெனி என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. நிரூபித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் போதும், நிரூபிப்பது போலீஸ் வேலை. 1098 எண்ணை 1996இல் மும்பையில் தொடங்கினார்கள், 2023இல் அரசே எடுத்துக்கொண்டது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் கேன்டீன் சுவரில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று ஹெல்மெட் படம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இந்த நாலு இலக்கத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவையுங்கள். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

பெயின்ட் என்றதும் சி.எஸ்.ஆர். ஞாபகம் வருகிறது. பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமுதாயத்துக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். அந்தப் பணத்தில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்கள் நன்றாகவே மின்னுகின்றன. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, சந்திரயான். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. ரிப்பன் வெட்டிய போட்டோ உங்கள் ஆண்டறிக்கையிலும் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பத்துக்கு அந்த ஒட்டகச்சிவிங்கியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு பெண்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். போட்டோவில் நன்றாக இருக்காது, அதுதான் சங்கடம். பிள்ளைக்கு ஒன்றும் நேராமல் போன ஒரு மாலையை எப்படிப் போட்டோ எடுப்பது?

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. 2011இல் ஒடிசாக்காரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொத்தடிமையிலிருந்து மீட்டது இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்துதான். அங்கே பிள்ளைக்குத் தனியாக ஷிப்ட் கிடையாது, அம்மாவோடு சேர்ந்து அதுவும் கல் திருப்பும். திருவள்ளூரில் ஐ.ஆர்.சி.டி.எஸ். மாதிரி அமைப்புகள் பல வருடமாக அந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்கின்றன. எங்களுக்கு அவ்வளவு கை நீளம் இல்லை. ஒரு லைன் வீடு, ஒரு கரும்பலகை, இருபத்தைந்து முப்பது பிள்ளைகள், அவ்வளவுதான் எங்கள் எல்லை. அதைத் தாண்டியதைப் பார்க்க, ஒவ்வொரு ஊராட்சியிலும் தலைவர், தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லோரும் சேர்ந்த குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். நான் வேலையில் இருந்தபோது அதன் மினிட்ஸ் நோட்டில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டீ குடித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்ட கூட்டங்களும் உண்டு, மறைக்கவில்லை. அந்தக் கூட்டங்களில் தொழிற்சாலைத் தரப்பில் ஒருவர் வந்து உட்கார்ந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பேர் உங்களிடம் வேலை செய்யும்போது, அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டாமா? அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். தலைவரிடம் தேதி கேட்டு நீங்களே வந்துவிடுங்கள்.

பட்டியல் போடும்போது பள்ளி வயதுப் பிள்ளை இருக்கும் தாய் என்று ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தந்தைக்கும் வையுங்கள். கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் இருந்தால் இருவருக்கும் ஒரே வாரம் பி போடாதீர்கள். அவள் வந்து “சார், இந்த வாரம் மட்டும் ஏ குடுங்க” என்று கேட்டால், காரணத்தைப் பத்துப் பேர் முன்னால் சொல்லச் சொல்லாதீர்கள். சில காரணங்களை அவளால் சொல்ல முடியாது.

காப்பகம், அறை, சம்பளம் எல்லாவற்றுக்கும் உங்கள் தலைமை அலுவலகத்தில் கோப்பு போக வேண்டும், கையெழுத்து வர வேண்டும், ஆறு மாதம் ஆகும், தெரியும். கோப்பே இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் கேட்டில் யாராவது எடுத்துப் பேசுகிற ஒரு போன் நம்பர். மும்பைக்குப் போகாத நம்பர். பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் சொன்னால், அஞ்சு நிமிடத்தில் அவள் மிஷினை விட்டு வந்து பேசலாம் என்று செக்யூரிட்டிக்கு ஒரு வாய்வார்த்தை உத்தரவு.

அந்த நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, உங்களிடம் வேலை செய்யும் எந்த அம்மாவிடமாவது கொடுத்தனுப்புங்கள். எங்களிடம் வந்து சேர்ந்துவிடும். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் இடம் காலியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மாலை மையத்தின் நாலு பேரில் ஒருத்தி,
கும்மிடிப்பூண்டி.